மக்களு என்றால் குழந்தைகள்

"பூட்டு இல்லடா தம்பி. நெசமாவே தொறந்து கெடக்கு."

போன வாரம் பெங்களூரிலிருந்து அக்கா போன் பண்ணி எடுத்த எடுப்பிலேயே சொன்னது இது. விஷயம் ஒன்றுமில்லை. அக்கா மருமகளுக்கு 26 வார பேறுகால விடுப்பு முடிந்து ஆபீசுக்குத் திரும்பும் நேரம். அங்கே குழந்தைக் காப்பகம் இருக்கிறது என்று சொன்னார்களாம். அக்கா நம்பவில்லை. நானே வந்து பார்க்கிறேன் என்று கூடவே கிளம்பிப் போயிருக்கிறாள். காப்பகம் இருந்தது. தொட்டில்கள் இருந்தன. ஆயாம்மா இருந்தார். இதையெல்லாம் விட அக்காவுக்கு ஆச்சரியம், கதவில் பூட்டு தொங்கவில்லை என்பதுதான்.

அது ஏன் ஆச்சரியம் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிய வேண்டுமென்றால் கொஞ்சம் கொசுவத்திச் சுருள் சுற்ற வேண்டும். என் சொந்தக் கதை மட்டும் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு நகரம் எப்போது இடம் விட்டது, எப்போது விடவில்லை என்கிற கதை. ஊர்க்காரர்கள் மன்னிக்கவும். 2014 நவம்பரிலேயே பெங்களூரு என்று அதிகாரப்பூர்வமாக மாறிவிட்டது. ஆனால் கிருஷ்ணகிரிப் பக்கத்து நாக்கு இன்னும் பெங்களூர் என்றுதான் புரள்கிறது.

ஃபேமிலி ரூம்

சின்ன வயதில் பெங்களூர் என்றால் எங்களுக்கு அப்பாவோடு பஸ்ஸில் போய் ஓட்டலில் மசால்தோசை சாப்பிடுவது. ஓட்டலுக்குள் நுழைந்ததும் சப்ளையர் எங்களைப் பார்ப்பார், அம்மாவைப் பார்ப்பார், "ஃபேமிலியா? உள்ளே போங்க" என்பார். உள்ளே என்றால் பலகைத் தடுப்பு வைத்த ஒரு பக்கம். வாசலில் திரை. நடு ஹாலில் ஆண்கள் பேப்பர் படித்துக்கொண்டு சத்தமாக அரசியல் பேசுவார்கள். திரைக்குள்ளே அம்மா, நாங்கள், இன்னும் நாலு அம்மாக்கள், அழுகிற இரண்டு குழந்தைகள்.

இது எங்கிருந்து வந்தது? தென்னிந்தியாவில் காபி கிளப்புகள் பெருகிய காலத்தில் அவை பெரும்பாலும் ஆண்கள் கூடும் இடங்கள். ஆபீசுக்குப் போகிறவரும், கோர்ட்டுக்கு வந்தவரும், கல்லூரி மாணவரும் வந்து போகிற இடம். அதிலும் எல்லா ஆண்களுக்கும் இல்லை. பெயர்ப்பலகையே சொல்லிவிடும். இன்று எம்.டி.ஆர் என்று உலகம் முழுக்கத் தெரிந்த மாவள்ளி டிபன் ரூம்ஸ்கூட 1924-ல் தொடங்கியபோது 'பிராமின் காபி கிளப்' என்ற பெயரில்தான் தொடங்கியது. அன்றைக்கு அது சாதாரணமான பெயர். 1957-ல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் ஆட்கள் மாதக்கணக்கில் மறியல் செய்ய வேண்டியிருந்தது. யாரை உள்ளே விடுவது என்பதற்கே இவ்வளவு போராட்டம் என்றால், கைக்குழந்தையோடு வருகிறவளைப் பற்றி யார் யோசித்திருப்பார்கள்?

இப்படிப்பட்ட இடத்தில் குடும்பங்களும் வர ஆரம்பித்தபோது கடைக்காரர்கள் கண்டுபிடித்த வழிதான் ஃபேமிலி ரூம். அதைக் குறை மட்டும் சொல்ல மாட்டேன். அம்மா முதன்முதலாக வீட்டுக்கு வெளியே, யாரும் முறைக்காமல் உட்கார்ந்து சாப்பிட்டது அந்தத் திரைக்குப் பின்னால்தான். தம்பிக்குப் பால் கொடுத்ததும் அங்கேதான். ஆனால் அந்தத் திரை எங்களை வரவேற்கக் கட்டியதா, ஹாலில் இருப்பவர்களுக்கு எங்கள் சத்தம் கேட்காமல் இருக்கக் கட்டியதா? இரண்டுக்கும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

எம்.டி.ஆர் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதன் உரிமையாளர்களில் ஒருவரான யக்ஞநாராயண மையா 1951-ல் ஐரோப்பா போய், அங்கே ஓட்டல்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் பாத்திரங்களையும் கரண்டிகளையும் நீராவியில் சுத்தம் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். வெளியே சாப்பிட்டால் பிள்ளைக்கு வயிற்றுக்கு ஆகாது என்று தாய்மார்கள் பயந்த காலம் அது. குழந்தைக்காக என்று அவர் செய்யவில்லை. ஆனால் ஒரு ஓட்டல் குழந்தைக்குச் செய்யக்கூடிய முதல் மரியாதை கழுவிய டம்ளர்தானே.

நாற்காலி போன கதை

1983-ல் ஜெயநகரில் 'கபே தர்ஷினி' வந்தது. ஆர். பிரபாகர் என்பவரின் யோசனை. நாற்காலி கிடையாது. சப்ளையர் கிடையாது. காசு கொடுத்து டோக்கன் வாங்கி, கவுண்டரில் நீட்டி, தட்டை எடுத்துக்கொண்டு, உயரமான மேஜையில் நின்றபடி சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். இடம் கொஞ்சம் போதும், ஆள் கொஞ்சம் போதும், அதனால் விலையும் குறைவு. கண் முன்னாலேயே சமைக்கிறார்கள். சில வருஷங்களில் பெங்களூர் முழுக்கத் தர்ஷினிகள்.

பொட்டி தட்டும் வேலைக்கு 1999-ல் நான் பெங்களூர் வந்து சேர்ந்தபோது என்னைக் காப்பாற்றியவை தர்ஷினிகள்தான். ஒரு ரூமில் நாலு பேர், சமைக்கத் தெரிந்தவன் ஒருத்தனும் இல்லை. காலையில் இட்லி வடை, சாயங்காலம் காபி. ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். இன்னொன்றையும் கவனித்தேன். காலேஜ் பெண்ணும், பாங்க் வேலைக்குப் போகும் அம்மாவும், ஆட்டோ டிரைவரும் ஒரே மேஜையில் நின்று சாப்பிட்டார்கள். "ஃபேமிலியா? உள்ளே போங்க" என்று யாரும் சொல்லவில்லை. திரை போய்விட்டது. பெரிய விஷயம் அது.

2004-ல் மகள் பிறந்தாள். அவளுக்கு ஒன்றரை வயது இருக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கமணியோடு என் செல்லத் தர்ஷினிக்குப் போனேன். போனபிறகுதான் தெரிந்தது, திரையோடு நாற்காலியும் போயிருக்கிறது என்று. மேஜை எங்கள் நெஞ்சு உயரம். குழந்தையைக் கீழே விட்டால் கால்களுக்கு நடுவில் காணாமல் போகிறாள். இடுப்பில் வைத்தால் அவள் கை சரியாகக் கொதிக்கும் சாம்பாருக்கு நேரே. நான் சாப்பிடும்வரை தங்கமணி வெளியே நின்றாள், அவள் சாப்பிடும்வரை நான் வெளியே நின்றேன். ஆறு வருஷமாக வந்த இடம். நாற்காலி இல்லை என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தர்ஷினிமேல் தப்பு இல்லை. டோக்கன் வாங்குகிறவரைக் கணக்கு வைத்துக் கட்டிய கடை அது. ஒன்றரை வயசுக்காரி டோக்கன் வாங்குவதில்லை. அவள் கணக்கிலேயே இல்லை.

மக்கள கூட்ட

கணக்கில் எடுத்தவர்களும் இருந்தார்கள். பெங்களூர் வந்த புதிதில் சாமராஜப்பேட்டை வழியாக பஸ்ஸில் போகும்போது கண்டக்டர் "மக்கள கூட்ட, மக்கள கூட்ட" என்று கத்துவார். ஏதோ பொதுக்கூட்டம் நடக்கிற இடம்போல என்று நினைத்துக்கொண்டேன். :-) கன்னடம் கொஞ்சம் பழகியபிறகுதான் புரிந்தது. நமக்கு மக்கள் என்றால் ஜனங்கள். அவர்களுக்கு 'மக்களு' என்றால் குழந்தைகள். நமக்கும் ஒருகாலத்தில் அப்படித்தான். குறளில் பிள்ளைப்பேறு பற்றிய அதிகாரத்துக்கு மக்கட்பேறு என்றுதானே பெயர். பழைய பொருளை அவர்கள் கையில் வைத்திருக்கிறார்கள், நாம் மறந்துவிட்டோம்.

அந்த மக்கள கூட்டம் 1938-ல் ஆர். கல்யாணம்மா தொடங்கியது. 'சரஸ்வதி' என்ற கன்னடப் பெண்கள் இதழை நடத்தியவர் அவர். இதழ் நடத்தினால் பெண்கள் படிப்பார்கள். படிக்கும் நேரத்தில், கூடும் நேரத்தில் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? குழந்தைகளுக்கென்றே நகரத்துக்குள் ஓர் இடம், அதை நடத்த ஓர் அமைப்பு என்று ஒரு பெண்மணி முன்னின்று செய்தது சுதந்திரத்துக்கு முன்னால், ஞாபகம் இருக்கட்டும்.

பூங்காக்கள் அதற்கு முன்பே இருந்தன. கப்பன் பார்க் 1870-ல் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளர் ரிச்சர்ட் சாங்கி காலத்தில் உருவானது. முதலில் மீட்ஸ் பார்க் என்று பெயர், 1927-ல் சாமராஜேந்திரா பூங்கா. அன்றைக்கு அது குழந்தைகளை மனதில் வைத்து உருவானதல்ல. பின்னால் அதற்குள் ஜவஹர் பாலபவன் வந்தது, 'புட்டாணி எக்ஸ்பிரஸ்' என்ற குட்டி ரயில் வந்தது. புட்டாணி என்றால் பொடிசு. பக்கத்திலேயே விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம், 1962-ல் நேரு திறந்துவைத்தது, பொத்தானை அமுக்கினால் இயந்திரம் ஓடும். "தொடாதே" என்று சொல்லாத மியூசியம் என் மகள் பார்த்தது அதுதான் முதல். தர்ஷினியில் தோற்ற ஞாயிற்றுக்கிழமைகளை நாங்கள் கப்பன் பார்க்கில் புளிசாதப் பொட்டலத்தோடு சரிக்கட்டிக்கொண்டோம். புல்தரையில் நாற்காலிப் பிரச்சினையே இல்லை.

பூட்டிய அறை

இப்போது அக்கா கதைக்கு வருகிறேன்.

சாப்பிடவும் விளையாடவும் இடம் வேண்டும், சரி. ஆனால் ஒரு நாளில் எட்டு ஒன்பது மணி நேரம் அம்மா இருக்கும் இடம் வேலை செய்யும் இடம். அங்கே குழந்தைக்கு இடம் உண்டா? இந்தியச் சட்டம் இதைச் சீக்கிரமே யோசித்திருக்கிறது. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், 50-க்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 1976-ல் அந்த எண்ணை 30 ஆகக் குறைத்தார்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு 1951-ல் தனிச் சட்டம். மலையகத்து நண்பர்களுக்கு இது புதிதில்லை, 'பிள்ளைக் காம்பரா' என்று அவர்கள் பேச்சில் சொல்லே உண்டு.

பெங்களூரில் கார்மென்ட்ஸ் தொழில் பெருகியபோது மெஷினில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். அக்காவும் அதில் ஒருத்தி. ஒசூர் ரோடு பக்கம் ஒரு யூனிட். ஹெல்பராகச் சேர்ந்து டெய்லர் ஆனவள். 1997-ல் பையன் பிறந்தான். அப்போது பேறுகால விடுப்பு 12 வாரம்தான். மூன்று மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினால், காப்பகம் என்று போர்டு போட்ட அறை இருந்தது. கதவில் பூட்டு. சாவி பர்சனல் ஆபீசர் மேஜை டிராயரில்.

ஜன்னல் வழியாக அக்கா பார்த்திருக்கிறாள். நாலு தொட்டில், பொம்மைகள், சுவரில் மிக்கி மவுஸ். பொம்மைகள் மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. குழந்தை ஊரிலிருந்து வந்த அம்மாவிடம் இருந்தது. ஒருநாள் சூப்பர்வைசர் வந்து, "நாளைக்கு ஆடிட் வருது, கைக்குழந்தை வச்சிருக்கிறவங்க தூக்கிட்டு வாங்க" என்றாராம். மறுநாள் அக்கா மகன் அந்தத் தொட்டிலில் தூங்கினான். இரண்டு முறை பால் கொடுக்கவும் விட்டார்கள். அதற்கு அடுத்த நாள் மறுபடியும் பூட்டு.

அம்மாவால் எத்தனை நாள் பெங்களூரில் இருக்க முடியும்? அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குத் திரும்பினார். அக்கா வேலையை விட்டாள். நாலு வருஷம் எட்டு மாசம் சர்வீஸ். ஐந்து வருஷம் ஆகியிருந்தால் கிராஜுவிட்டி வந்திருக்கும். நாலு மாசம் அந்தக் கதவு திறந்திருந்தால் போதும். இந்தக் கணக்கை அக்கா வாய்விட்டுச் சொன்னதில்லை. மாமாதான் ஒருமுறை சொன்னார், அவள் அடுப்படியில் இருந்தபோது.

நியாயமாக இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். "தொறந்தே வச்சிருந்தாலும் எத்தனை பேரு கொண்டாந்திருப்பாங்க?" என்று அக்காவே கேட்டிருக்கிறாள். விடிகாலையில் நிற்க இடமில்லாத பஸ்ஸில் கைக்குழந்தையோடு எப்படி ஏறுவது? ஆலைக்குள் காப்பகம் வைத்தால் போதாது, ஆலைக்கு வரும் வழியும் சேர்ந்தது. அல்லது வீட்டுக்குப் பக்கத்திலேயே காப்பகம் வேண்டும்.

யாரை எண்ணுகிறோம்?

இந்தச் சட்டங்களை வரிசையாகப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. எல்லாமே ஓர் எண்ணில் தொடங்குகின்றன. யாரை எண்ணுகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

பழைய தொழிற்சாலைச் சட்டம் பெண்களை எண்ணியது. 31-வது பெண்ணைச் சேர்த்தால் காப்பகச் செலவு. அப்படியானால் முதலாளிக்கு எது லாபம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996-ம் வருஷத்துச் சட்டமும் 50 பெண்கள் என்றுதான் எண்ணியது. பெங்களூரின் கண்ணாடிக் கட்டடங்களைக் கட்டியவர்களின் பிள்ளைகள் மணல் குவியலில் தூங்கியதை அங்கே வேலை பார்த்த எல்லோரும் பார்த்திருப்போம். இந்த வேதனையைப் பார்த்துத்தான் மீரா மகாதேவன் 1969-லேயே டெல்லியில் ஒரு கட்டுமானத் தளத்தில் 'மொபைல் கிரெஷஸ்' தொடங்கினார்.

2017-ல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தினார்கள். விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரம் ஆனது (முதல் இரண்டு குழந்தைகளுக்கு). கூடவே, 50 பணியாளர்கள் இருந்தால் காப்பகம். பெண்கள் 50 இல்லை, ஆண் பெண் சேர்த்து 50. தாய் ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பார்க்கலாம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே எண். சின்ன மாற்றம்தான், ஆனால் காப்பகச் செலவைத் தவிர்க்கப் பெண்களைக் குறைத்துப் பிரயோஜனமில்லை என்று ஆகிவிட்டது. குழந்தை அம்மாவின் தனிப் பிரச்சினை இல்லை என்று சட்டம் முதல்முறையாக ஒப்புக்கொண்ட மாதிரி.

எனக்குப் பிடித்த கணக்கு இன்னொன்று. 2005-ம் வருஷத்து ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் இருந்தது. வேலையிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் வந்துவிட்டால், வந்திருக்கும் பெண்களில் ஒருவரைப் பிள்ளைகளைப் பார்க்க வைக்க வேண்டும், அவருக்கும் கூலி உண்டு. கவனியுங்கள், இது பெண்களை எண்ணவில்லை, ஆட்களை எண்ணவில்லை. குழந்தைகளை எண்ணியது! ஏட்டில் இருந்த அளவு எல்லா ஊரிலும் நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் கணக்கு சரியான கணக்கு. கர்நாடகத்தில் 2023-லிருந்து கிராமப் பஞ்சாயத்துகளில் 'கூசின மனெ' என்று காப்பகங்கள் திறந்தார்கள். கூசு என்றால் கைக்குழந்தை. குழந்தையின் வீடு. பெயரிலேயே யாருக்கு என்று இருக்கிறது.

2007-ல் நாங்கள் ஸ்டாக்ஹோம் வந்த புதிதில், தள்ளுவண்டியோடு பஸ்ஸில் நடுக்கதவு வழியாக ஏறிவிட்டு, டிக்கெட் எடுக்க நான் முன்னால் ஓடினேன். டிரைவர் வேண்டாம் என்று கையசைத்தார். குழந்தை வண்டியோடு வருகிறவருக்கு பஸ்ஸில் டிக்கெட் இல்லையாம். ஏழைக்குச் சலுகை என்று நினைத்துக் கூச்சப்பட்டேன். பிறகு ஆபீசில் விளக்கினார்கள். டிக்கெட் எடுக்க நீ முன்னால் போனால் பின்னால் வண்டியை யார் பிடிப்பது? அவ்வளவுதான் காரணம். 1974-லேயே தாய்க்கான விடுப்பைத் தாய் தகப்பன் இருவருக்குமான விடுப்பாக மாற்றிய நாடு இது. இவர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பஸ்ஸில் ஏறும்போது ஒரு குழந்தை எங்கே நிற்கும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். கல்யாணம்மா 1938-ல் யோசித்த மாதிரி.

அக்கா போனை வைப்பதற்கு முன் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். ஆயாம்மாவிடம், "இந்த ரூமுக்குப் பூட்டு எங்கேம்மா?" என்று கேட்டிருக்கிறாள். "ராத்திரிதான்மா பூட்டுவோம்" என்று அவர் சிரித்தாராம். வெளியே வரும்போது அதே மாடியில் தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறாள். ராய்ச்சூர் பக்கம். கான்ட்ராக்ட் வேலை. இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது, ஊரில் பாட்டியிடம்.

"அவ புள்ளைய இங்க விடலாமான்னு நம்ம மருமகளை ஆபீசுல கேக்கச் சொல்லியிருக்கேன்" என்றாள்.

"கேட்டாளா?"

"திங்கக்கெழம கேக்கறேன்னு சொல்லியிருக்கா. நீ மறக்காம திங்கக்கெழம ராத்திரி போன் பண்ணு."

இன்றைக்கு ஞாயிறு. நாளைக்குப் போன் பண்ண வேண்டும். விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறவர்கள் பெங்களூரில் இறங்கினால் சாமராஜப்பேட்டைப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். ஓட்டலில் குழந்தைக்கு நாற்காலி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்று தெரிந்தாலும் கேளுங்கள். நான் ஆறு வருஷம் கேட்கவே இல்லை.